தட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்

(உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வீட்டில் கவனித்துக்கொள்வது பற்றி, நம் அறக்கட்டளை நடத்திய நோயாளிகளின் குடும்பத்தாருக்கான கூட்டத்தில் ஒரு சகோதரி ஆற்றிய உரை)



எங்களைப் பேசக் கூப்பிட்டபோது முதலில் தயங்கினோம். நாங்கள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது, பெரிய அறுவை நடந்தது, இரண்டரை வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். எங்களுக்கு உள்ள தகுதி அவ்வளவுதான். நாங்கள் என்றால் நானும் என் மகளும். இங்கே சொல்லப்போவதை எல்லாம் முதலில் அவரிடம் வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் வந்தோம். இரண்டு இடத்தில் மட்டும், "அதையும் சொல்லுங்க, விட்டுடாதீங்க" என்றார். அந்த இரண்டும் நாங்கள் செய்த தவறுகள். அதனால் இந்த உரையில் பாதி அந்தத் தவறுகளைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

2022ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் "சோறு நெஞ்சுல நிக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் புரோட்டாவும் கறியும் இறங்கவில்லை. தண்ணீர் குடித்துத் தள்ளினார். பிறகு சோறு நின்றது. கடையிலேயே வாயு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினார். மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு ஏது, அதனால்தான் இப்படி என்று நாங்களும் நினைத்தோம். கஞ்சி கூட இறங்கச் சிரமப்பட்ட பிறகுதான் டாக்டரிடம் போனோம். எண்டோஸ்கோபி பார்த்து, சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அக்டோபரில் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

இதைக் கேட்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். விழுங்கும்போது அடைப்பது இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். எண்டோஸ்கோபி எடுக்கணுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். புகையிலை, சிகரெட், மது எல்லாம் இந்த நோய்க்குக் காரணங்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் சொல்லியிருக்கிறது. டீயை இரண்டு ஆற்று ஆற்றிக் குடிப்பதில் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் நோய் வந்துவிட்டவரிடம் போய் "சிகரெட் குடிச்சீங்களா, சூடா டீ குடிச்சீங்களா" என்று விசாரிக்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர் தனக்குத்தானே ஆயிரம் தடவை கேட்டிருப்பார்.

சிகிச்சை சென்னையில். ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு கீமோ. இரண்டு மாதம் உடம்பு தேறவிட்டு, 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவை. அதற்கு முதல்நாள் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையையே நீளக் குழாய் மாதிரி ஆக்கி, மேலே இழுத்துக் கழுத்துப் பக்கம் இணைத்துத் தைக்கப்போகிறோம் என்றார். அந்தப் படத்தை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். பின்னால் வந்த ஒவ்வொரு பிரச்சினைக்கும் விளக்கம் அதிலேயே இருந்தது. சோற்றைப் போட்டு வைக்க இருந்த பை இப்போது பை இல்லை, ஒரு குழாய். கொஞ்சம் போட்டாலே நிறைந்துவிடும். கீழே இருந்து மேலே வராமல் தடுத்த வாய் இப்போது இல்லை. குனிந்தாலும் மட்டமாகப் படுத்தாலும் உள்ளே இருப்பது தொண்டைக்கு வரும்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். நெஞ்சு, வயிறு, கழுத்து மூன்று இடத்திலும் தையல். குரல் கம்மிப்போனது. மூன்று பந்து போட்ட ஊதுகுழல் மாதிரி ஒன்றைக் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே தூக்கச் சொன்னார்கள். வலியோடு அதைச் செய்யச் சொல்வது கொடுமை போலத் தோன்றும். ஆனால் நுரையீரலில் சளி கட்டாமல் காப்பது அதுவும் நடைப்பயிற்சியும்தான். இந்த ஒன்றில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் பாடம் தொடங்கியது. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் இருந்தது. அது நேராகச் சிறுகுடலுக்குப் போகிறது. வாயால் போதுமான அளவு சாப்பிட முடிகிறவரை அதில்தான் பால் மாவுக் கரைசல் போகணும். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் சிரிஞ்சில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவணும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ரொம்பக் குளிர்ச்சியாகவோ சூடாகவோ விடக்கூடாது, வேகமாகவும் விடக்கூடாது. எந்த மாத்திரையைப் பொடித்துப் போடலாம், எதைப் பொடிக்கக்கூடாது என்று மருந்துக் கடையில் கேட்டு எழுதி வைத்தோம். குழாய் அடைத்தால் கம்பி கிம்பி வைத்துக் குத்தாதீர்கள். வெளியே வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தத் துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கிவிடும், உடனே போகணும்.

படுக்கையைப் பற்றி யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை. முதல் ராத்திரி இரண்டு தலையணை வைத்துப் படுக்கவைத்தோம். நடுராத்திரி சரிந்து மட்டமாகிவிட்டார். பித்தம் தொண்டைக்கு வந்து, புரையேறி, மூச்சு முட்டி எழுந்தார். மறுநாளே அறக்கட்டளையில் சொல்லி, தலைமாட்டைத் தூக்கி வைக்கிற சாய்வுக் கட்டில் வந்தது. தலையணை தலையை மட்டும்தான் தூக்கும். இடுப்புக்கு மேலே முழு உடம்பும் சாய்வாக இருக்கணும். கட்டில் கிடைக்காதவர்கள் தலைமாட்டுப் பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தலாம். இது ஒரு மாதத்துக்கான ஏற்பாடு இல்லை. இன்றுவரை அவர் அப்படித்தான் தூங்குகிறார்.

இனி எங்கள் முதல் தவறுக்கு வருகிறோம்.

நோய்க்கு முன்னால் அவர் எடை 68 கிலோ. அறுவை அன்று 61. மார்ச் மாதம் 56. இந்த அறுவைக்குப் பிறகு முதல் ஆறு மாதத்தில் பலருக்கும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறையும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு நினைவில் நிற்குமா? ஒரு நோட்டுப் போட்டோம். எத்தனை ஸ்பூன், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதினோம். அவர் சாப்பிட உட்கார்ந்தால் ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். "இன்னும் ஒரு வாய்", "இவ்வளவுதானா", "நேத்து கூட ஆறு ஸ்பூன் சாப்பிட்டீங்களே." இந்த மூன்றும்தான் எங்கள் வீட்டில் அப்போது பேச்சு. நம் வீடுகளில் பாசத்தைக் காட்ட வேறு வழி தெரியாது. வந்தவரை "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுத்தானே பழக்கம்.

மார்ச் கடைசியில் ரமலான் வந்தது. நோன்பு வைக்கணும் என்றார். அறுவை நடந்து ஏழு வாரம் கூட ஆகவில்லை. டாக்டர் முடியாது என்றார். பள்ளி இமாம் வீட்டுக்கு வந்து, நோயாளிக்கு மார்க்கம் கொடுத்திருக்கிற சலுகையை ஏற்றுக்கொள்வதும் கீழ்ப்படிதல்தான் என்று பொறுமையாக விளக்கினார். தொழுகையில் குனிந்தால் எதுக்களிக்கிறது என்றபோது, நாற்காலியில் உட்கார்ந்து சைகையால் தொழச் சொன்னார். அதை எல்லாம் ஏற்றுக்கொண்டார். ஆனால் வீடே நோன்பு வைத்திருக்கும்போது பகலில் சாப்பிட வெட்கப்பட்டார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். அன்றைக்கு அது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த மாதம்தான் அவர் நிம்மதியாகச் சாப்பிட்ட மாதம். யாரும் எண்ணவில்லை. நோன்புக் கஞ்சியை வடிகட்டி அரை டம்ளர் வைத்துவிட்டு வந்துவிடுவோம். டம்ளர் காலியாகத் திரும்பும்.

பெருநாள் அன்று வீடு நிறைய சொந்தம். வட்டிலப்பம் செய்திருந்தோம், அவருக்கு உயிர். மாமி ஒரு துண்டு எடுத்து வைத்தார். சாச்சி இன்னொன்று வைத்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டையும் சாப்பிட்டார். எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இருபது நிமிஷம் இருக்கும், முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடக்கிறது என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனவர் குளியலறையில் விழுந்துவிட்டார். மாரடைப்பு என்றே நினைத்தோம். பெருநாள் துணியோடு காரில் தூக்கிப் போட்டு ஓடினோம்.

மாரடைப்பு இல்லை. ஈசிஜி சரியாக இருந்தது. அங்கே இருந்த டாக்டர்தான் விளக்கினார். இரைப்பை இப்போது பையாக இல்லாததால், இனிப்பான சாப்பாடு அதிகம் போனால் அது நிற்காமல் மொத்தமாகக் குடலில் போய்க் கொட்டிவிடும். உடம்பிலுள்ள நீர் குடலுக்கு ஓடும். அதனால் பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் வேர்வை, படபடப்பு, வயிற்றுவலி, பேதி வரும். இதற்கு டம்பிங் என்று பெயர். இன்னொரு வகையும் உண்டு. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டும்.

திரும்பி வரும்போது காரில் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு முதல் துண்டுலயே போதும்னு இருந்துச்சு. நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதான் சாப்பிட்டேன்."

நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? நாங்கள் அவருக்காக ஊட்டுகிறோம் என்று நினைத்திருந்தோம். அவர் எங்களுக்காகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

அடுத்த நாளே நோட்டை மூடி வைத்திருக்கணும். மூடவில்லை. பயம் விடவில்லை. ஸ்பூன் எண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டு, தினமும் எடை பார்க்க ஆரம்பித்தோம். அதனால் வந்தது இரண்டாவது தவறு.

மே மாதம் வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஜூன் மாதம் அவர் திரவமாகவே கேட்க ஆரம்பித்தார். இட்லி வேண்டாம், கஞ்சி போதும் என்றார். எடை 56லிருந்து 52க்கு வந்தது. வாய் ருசி போய்விட்டதோ என்று நினைத்து, வகைவகையாகச் செய்து வைத்தோம், சண்டையும் போட்டோம். ஒரு நாள் மகள் எதேச்சையாகப் பின்கட்டுக்குப் போனபோது, வாயில் போட்ட இட்லியை வெளியே துப்பிக்கொண்டு இருந்தார். பழையபடி நெஞ்சில் அடைக்கிறது. மூன்று வாரமாக! நோய் திரும்பிவிட்டது என்று அவரே முடிவு செய்துவிட்டு, எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். "நாலு நூறு கிராம் குறைஞ்சாலே அழறீங்க. இதை எப்படிச் சொல்றது" என்றார்.

எண்டோஸ்கோபியில் நோய் எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். தையல் போட்ட இடம் ஆறும்போது சுருங்கிப்போய் இருந்தது. இது பலருக்கும் வருகிற விஷயம். உள்ளே பலூன் விட்டு விரித்துவிடுவார்கள். ஒரு தடவையில் சரியாகிவிடாது, எங்களுக்கு மூன்று தடவை ஆனது. முதல் தடவை விரித்த அன்று சாயங்காலமே குழைந்த சோறு இறங்கியது. மூன்று வாரம் அந்த மனுஷன் மரணத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். இரண்டு நாளில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். எங்கள் கண்ணீருக்குப் பயந்து மறைத்தார்.

அன்றைக்கு நோட்டை அவர் கையில் கொடுத்தோம். "இனி நீங்களே எழுதுங்க. நாங்க கேட்க மாட்டோம். எடை வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை. அடைச்சா, வலிச்சா மட்டும் அன்னிக்கே சொல்லிடுங்க, நாங்க அழ மாட்டோம்" என்று பேசி முடிவு செய்தோம். கடைக்காரர் இல்லையா, கணக்கு எழுதுவது அவருக்குக் கைவந்த வேலை. எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, எத்தனை நிமிஷத்தில் வேர்த்தது என்று பேரேடு மாதிரி கோடு போட்டு எழுதினார். நாங்கள் மூன்று மாதம் எழுதியதில் கண்டுபிடிக்காததை அவர் பத்தே நாளில் கண்டுபிடித்தார். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்த நாளில் எல்லாம் படபடப்பு வந்திருந்தது.

அவர் நோட்டிலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் டாக்டரையும் உணவு ஆலோசகரையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மூன்று வேளை என்பதை மறந்துவிட்டு ஆறு முதல் எட்டு தடவை, ஒவ்வொரு தடவையும் சின்னக் கிண்ணம். சாப்பாட்டுத் தட்டு வேண்டாம், காலியாகத் தெரியும் தட்டு மனதை நோகடிக்கும். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அரை மணி இடைவெளி. முதலில் முட்டை, முள் எடுத்த மீன், மசித்த பருப்பு, தயிர் போன்ற சத்தானது, சோறு அதற்குப் பிறகு. இறங்கும் இடம் சிறிது என்பதால் சத்துள்ளதற்கு முதல் இடம். நார் நாராக வரும் கறியும் புது பிரட்டும் அடைக்கும். தால்சாவில் கறியைக் குழைய வேகவைத்துப் பிய்த்துப் போட்டால் இறங்கும். இனிப்பு தனியாக வேண்டாம், ஆசைக்கு ஒரு ஸ்பூன், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பிட்ட பிறகு நிமிர்ந்து உட்காரணும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கடைசிச் சாப்பாடு. இரத்தத்தில் இரும்புச் சத்தும் பி12ம் குறையக்கூடும், பரிசோதனைக்குப் போகும்போது அதையும் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய அபாய அறிகுறிகள் வேறு. காய்ச்சல், மூச்சுத் திணறல், புதிதாக நெஞ்சுவலி, கழுத்துத் தையலில் நீர் கசிவது, விழுங்கும்போதெல்லாம் இருமல், காலில் வலியோடு வீக்கம், கறுப்பாக மலம். இவற்றில் எது வந்தாலும் அவர் வேண்டாம் என்று சொன்னாலும் கூட்டிப் போகணும். தட்டில் அவருக்கு அதிகாரம். இதில் எங்களுக்கு அதிகாரம். இப்படிப் பிரித்துக்கொண்ட பிறகு வீட்டில் சண்டை குறைந்துவிட்டது.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் முழு ராத்திரி தூங்காமல் இருந்தோம். ஒரு நாள் பாத்திரத்தைப் போட்டு உடைத்துவிட்டு, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தோம். பார்த்த கொழுந்தனார், "செவ்வாய், வியாழன் ராத்திரி நான் காக்கா கூடப் படுத்துக்கிறேன்" என்று வந்தார். அந்த இரண்டு ராத்திரி தூக்கம்தான் எங்களை நிறுத்தியது. நாம் செய்யாமல் யார் செய்வார் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். கேட்கிறவர்களுக்கு வேலை கொடுங்கள்.

செலவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கணும். எங்களுக்கு இது தெரியவே நாலு பயணம் ஆகிவிட்டது.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சின்னது. பலகாரம் வேண்டாம். பத்து நிமிஷம் உட்காருங்கள். "ரொம்ப இளைச்சுட்டீங்களே" என்று சொல்லாதீர்கள், கண்ணாடி அவர் வீட்டிலும் இருக்கிறது. கடையைப் பற்றி, ஊரைப் பற்றிப் பேசுங்கள். துஆ செய்யுங்கள். அறக்கட்டளையிடமும் ஒன்று கேட்டிருக்கிறோம். பணத்தோடு கூட இரண்டு சாய்வுக் கட்டில் வாங்கி வைத்தால், தேவைப்படுகிற வீட்டுக்கு மாறி மாறிப் போகும். எங்களிடம் இருந்த கட்டில் ஒன்றே ஒன்று, அதற்கு இன்னொரு வீடு காத்துக்கொண்டு இருந்தது. இப்போது நாங்கள் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அவர் இப்போது 57 கிலோ. பழைய 68 வராது என்று எங்களுக்குத் தெரியும். சட்டைகளைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துவிட்டோம். ஸ்கேன் எடுக்கிற வாரம் இன்றும் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. காலையில் இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருகிறார். மேசை இழுப்பறையில் ஒரு டப்பா, பத்தரை மணிக்குத் திறப்பார்.

இன்றைக்கும் ஒரு டப்பா கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் முடிந்து உங்கள் எல்லாருக்கும் டீயும் சமோசாவும் வரும்போது அவரும் டப்பாவைத் திறப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து எட்டிப் பார்க்காதீர்கள். "இவ்வளவுதானா" என்று கேட்காதீர்கள். நாங்களும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறோம்.

எல்லா நோயாளிகளுக்கும், அவர்களோடு விழித்திருக்கும் எல்லாருக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தையும் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.